எலும்பு மெலிந்திருந்தால் ஸ்க்ரூ பிடிக்குமா? அந்த இடத்திலேயே மருந்து வைக்கும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்து, இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து அனுப்பிய பிறகு குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் இவை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, மறுநாள் எக்ஸ்ரேயும் சரியாக இருந்தது, ஆனால் ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது என்கிறார்கள், இது எப்படி என்று கேட்பவர்கள் ஏராளம். ஸ்க்ரூ இருக்கும் இடத்திலேயே கொஞ்சம் மருந்து வைத்து இதைத் தடுக்க முடியுமா என்ற ஆராய்ச்சி ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து வருடங்களாக நடக்கிறது. அதைப் பற்றித் தமிழில் விவரமாக எழுதியது குறைவு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த மருந்து, எப்போது என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்றால் டாக்டர் சரியாக முடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சில நேரம் ஸ்க்ரூ போன இடம் சரியில்லாமல் இருக்கலாம், அதை மறுக்க முடியாது. இடுப்பு முறிவுக்குப் போடும் பெரிய ஸ்க்ரூவின் நுனி, தொடை எலும்புத் தலையின் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை முன்பக்க எக்ஸ்ரேயிலும் பக்கவாட்டு எக்ஸ்ரேயிலும் அளந்து கூட்டிப் பார்ப்பார்கள். 1995-இல் அமெரிக்காவில் பாம்கார்ட்னர் குழு வெளியிட்ட ஆய்வில், இந்தக் கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருந்த 120 ஸ்க்ரூக்களில் ஒன்றுகூட எலும்பைக் கிழித்து வெளியே வரவில்லை. இன்றைக்கும் எலும்பு சர்ஜன்கள் இந்த 25-ஐ மனதில் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். அதனால் இடம் முக்கியம்தான்.

ஆனால் இடம் சரியாக இருந்தும் கழல்கிற கேஸ்கள் நிறைய. எலும்பின் வெளி ஓடு கெட்டி, உள்ளே இருப்பது மெல்லிய சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலை. எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலியும் நோய் வந்தவர்களுக்கு அந்தச் சட்டங்கள் மெலியும், சில அறுந்தே போகும், இடைவெளி பெரிதாகும், வெளி ஓடும் மெலியும். ஸ்க்ரூவின் மரை கடித்துப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜன் கடைசிச் சுற்றை முடுக்கும்போது கை இறுகுகிற மாதிரி ஒரு உணர்வு வரும். மெலிந்த எலும்பில் அந்த இறுக்கம் வந்த அடுத்த கால் சுற்றிலேயே சட்டென்று எல்லாம் தளர்ந்து, ஸ்க்ரூ வெறுமனே சுற்ற ஆரம்பித்துவிடும். மரை செதுக்கிய எலும்பு அப்படியே நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். அனுபவமுள்ள கைக்கே இது நடக்கும், அதனால் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் செய்தவர் மேல் பழியைப் போட வேண்டாம்.

எலும்பு மெலிந்திருக்கிறது என்று முன்பே தெரிந்துகொள்ள முடியாதா?

முடியும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் எலும்புப்புரை என்பது 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல். ஆனால் நின்ற உயரத்திலிருந்து சாதாரணமாக விழுந்ததற்கே ஒருவருக்கு இடுப்பு முறிந்திருந்தால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் எலும்பு மெலிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

போட்ட அன்று கெட்டியாக இருந்த ஸ்க்ரூ சில வாரம் கழித்து ஏன் தளர்கிறது?

இந்த விஷயமே இதில்தான் அடங்கியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்க்ரூ போட்ட நாளில் கிடைக்கும் பிடிப்பு வெறும் இயந்திரப் பிடிப்பு. மரை எலும்பைக் கடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதே நேரத்தில் துளையிட்டதாலும் முடுக்கியதாலும் சுற்றியுள்ள எலும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்திருக்கும், கொஞ்சம் எலும்பு நசுங்கிச் செத்திருக்கும். உடம்பு இதைச் சும்மா விடாது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேதமான பகுதியை அரித்து எடுக்கும், அதன் பின்னால் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற கட்டும் செல்கள் வந்து புது எலும்பு வைக்கும். ஆரோக்கியமான உடம்பிலும் இதே வரிசைதான். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டும் வேலைக்கு மாதங்கள் ஆகும். நடுவில் ஒரு பலவீனமான காலம் வருகிறது, பழைய பிடிப்பு போய்விட்டது, புதுப் பிடிப்பு இன்னும் வரவில்லை. எலும்புப்புரை உள்ளவர்களுக்குக் கரைக்கும் பக்கம் ஏற்கனவே கை ஓங்கியிருப்பதால் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிறது.

அந்த நேரத்தில் நடக்கிறோம், எழுகிறோம், ஸ்க்ரூ லேசாக அசைகிறது. இந்த அசைவு சுமார் 150 மைக்ரானைத் தாண்டினால் (ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு) எலும்பு ஒட்டுவதற்குப் பதிலாக ஸ்க்ரூவைச் சுற்றி நார்த்திசு வளர ஆரம்பிக்கிறது. நார்த்திசு வந்தால் அசைவு கூடும், அசைவு கூடினால் எலும்பு மேலும் கரையும். முதுகெலும்பு ஸ்க்ரூ தளர்ந்தவர்களின் சிடி ஸ்கேனைப் பார்த்தால் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். எலும்பு அரித்துப்போன இடம் அது.

அப்படியென்றால் இன்னும் பெரிய, இன்னும் கெட்டியான ஸ்க்ரூ போட்டால் போதாதா?

ஓரளவுக்கு உதவும். மரையின் வெளி விட்டம் கூடினால் பிடிப்பும் கூடும், நீளம் கூடினாலும் அப்படித்தான். உள் எலும்பில் போடும் ஸ்க்ரூவுக்கு மரை அகலமாகவும் இடைவெளி விட்டும் இருப்பது அதற்காகத்தான். 2000-ஐ ஒட்டிப் பரவலான லாக்கிங் பிளேட்டுகளில் ஸ்க்ரூவின் தலையும் பிளேட்டோடு மரையிட்டுப் பூட்டிக்கொள்ளும். அதனால் ஸ்க்ரூ ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வராமல் எல்லாம் சேர்ந்து பாரத்தைத் தாங்கும், மெலிந்த எலும்புக்கு இது பெரிய வரம்.

ஆனால் கெட்டித்தன்மையைக் கூட்டிக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவை 110, எலும்பின் வெளி ஓடு 20-க்குள், உள் வலை பெரும்பாலும் 1-க்கும் கீழே. இந்த வித்தியாசத்தில் முதலில் தோற்பது எப்போதும் எலும்புதான். ஸ்க்ரூவை எவ்வளவு மெருகேற்றினாலும் அதைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எலும்பை யாராவது கவனித்தாக வேண்டும்.

சிமென்ட் வைத்து நிரப்பிவிடுகிறார்களே?

ஆமாம், இது இப்போதே நடைமுறையில் இருக்கிறது. கதவுக் கீலின் ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிப் போனால் நம் ஆசாரிகள் தீக்குச்சியைச் செருகி, அதன் மேல் ஸ்க்ரூவை முடுக்குவார்கள், கிட்டத்தட்ட அதே யோசனை. முதுகெலும்பில் பக்கவாட்டுத் துளைகள் உள்ள ஸ்க்ரூவைப் போட்டு அதன் வழியாகவே அக்ரிலிக் சிமென்டைச் செலுத்துகிறார்கள், இடுப்பு முறிவுக்கான ராடுகளிலும் இந்த வசதி வந்துவிட்டது. பிடிப்பு அன்றைக்கே கூடுகிறது, சந்தேகமில்லை.

குறைகளும் உண்டு. இறுகும்போது சூடாகும். திரவமாகப் போவதால் கசிந்து நரம்புப் பக்கமோ ரத்தக் குழாய்க்குள்ளோ போகலாம், நுரையீரல் வரை போன கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. உடம்பில் கரையாது, எலும்பாகவும் மாறாது. பிற்பாடு கிருமி பிடித்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வந்தால் சர்ஜனுக்குப் பெரிய தலைவலி. எழுபத்தெட்டு வயது பாட்டிக்கு இந்த ஆபத்துகள் ஏற்கத்தக்கவையாக இருக்கலாம், ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு நிறைய யோசிக்க வேண்டும்.

மருந்தை அந்த இடத்திலேயே வைப்பது என்றால் என்ன செய்கிறார்கள்?

மேலே சொன்ன பலவீனமான காலத்தில் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள எலும்பைக் கரையவிடாமல் தடுத்தால், புது எலும்பு வந்து சேரும்வரை பழைய பிடிப்பு தாக்குப்பிடிக்கும் அல்லவா? இதுதான் அடிப்படை எண்ணம். கரைப்பைத் தடுக்கும் மருந்து ஏற்கனவே கையில் இருக்கிறது: பிஸ்பாஸ்போனேட் வகை. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட், வருடம் ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இந்த மருந்துகளின் குணத்தைப் பார்த்தால் ஏதோ இந்த வேலைக்காகவே செய்தது போல இருக்கும். எலும்பின் தாதுப்பொருளான ஹைட்ராக்ஸிஅபடைட்டைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும், சுலபத்தில் விடாது. கரைக்கும் செல் வந்து அந்த எலும்பை அரிக்கும்போதுதான் மருந்து அதற்குள் போகும். போனதும் ஃபார்னெசில் பைரோபாஸ்பேட் சிந்தேஸ் என்ற நொதியை முடக்கும், செல் செயலிழக்கும். அரிக்க வந்த செல்லைத்தான் அது முக்கியமாகப் பாதிக்கும். ஸ்க்ரூவின் மேற்பூச்சிலோ அதைச் சுற்றி வைக்கும் பசையிலோ மைக்ரோகிராம் கணக்கில் வைத்தாலே அது பக்கத்து எலும்பில் ஒட்டி அங்கேயே தங்கிவிடும், உடம்பு முழுக்கப் பரவாது.

டிரிப்பில் ஏற்றினால் அந்த இடத்துக்கும் போய்ச் சேருமே, தனியாக எதற்கு?

போய்ச் சேரும், ஆனால் 5 மில்லிகிராமை ஏற்றினால் அதில் கணிசமான பங்கு முதல் நாளிலேயே சிறுநீரில் வெளியேறும், மிச்சம் உடம்பிலுள்ள எல்லா எலும்புக்கும் பங்கு பிரியும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, அதாவது கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, இந்த டிரிப்பையே போடக் கூடாது. முதல் தடவை ஏற்றியதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி வருவதும் சகஜம். மைக்ரோகிராம் அளவில் அந்த இடத்தில் மட்டும் வைக்கும்போது இந்தத் தொல்லைகளைப் பெரிய அளவில் தவிர்க்கலாம் என்பது எதிர்பார்ப்பு.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். அந்த இடத்து மருந்து அந்த ஸ்க்ரூவை மட்டும்தான் காப்பாற்றும். மறுபக்கத்து இடுப்பையும் முதுகெலும்பையும் காப்பாற்ற முழு உடம்புக்கான சிகிச்சை வேண்டும். ஒன்றுக்கு மாற்றாக மற்றதை நினைத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் எங்கே, யார் செய்தது?

பல நாடுகளில் நடக்கிறது, ஆனாலும் ஸ்வீடனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இடுப்பு முறிவு உலகிலேயே மிக அதிகமாக நேரும் நாடுகளில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் வரும். 1988-லேயே இடுப்பு முறிவுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கிய நாடு ஸ்வீடன். எலும்பும் உலோகமும் எப்படி ஒட்டுகின்றன என்ற படிப்பும் அங்கே பழசு. டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போவதை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பிரோனெமார்க் 1950-களில் லுண்ட் நகரில் முயல்களில் கவனித்தார், இன்றைய பல் இம்பிளான்ட் முழுக்க அதிலிருந்து வந்ததுதான். பொருத்திய உலோகம் உடம்புக்குள் எவ்வளவு நகர்கிறது என்பதை, எலும்பில் டான்டலம் என்ற உலோகத்தின் குட்டி மணிகளைப் பதித்து, இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் நுட்பமாக அளக்கும் முறையை 1974-இல் யோரான் செல்விக் உருவாக்கியதும் அதே லுண்டில்.

இந்தப் பின்னணியில்தான் லின்ஷோப்பிங் நகரில் பெர் ஆஸ்பென்பெர்க், பென்ட்டி டெங்வால் குழு வேலை செய்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவின் மேல் ரத்தப் புரதமான ஃபைப்ரினோஜனை மெல்லிய அடுக்காகப் படியவைத்து, அதோடு பாமிட்ரோனேட், இபாண்ட்ரோனேட் மருந்துகளைப் பிணைத்து எலிகளின் காலெலும்பில் பொருத்தினார்கள். 2004-இல் வெளிவந்த முடிவு: இரண்டு வாரத்தில் மருந்து பூசிய ஸ்க்ரூவைப் பிடுங்கத் தேவைப்பட்ட விசை, பூசாததைவிட 28 சதவீதம் அதிகம். இரண்டு வாரம் என்பதைக் கவனியுங்கள், மற்ற ஸ்க்ரூக்கள் தளர ஆரம்பிக்கும் காலம் அதுதான்.

சுவிட்சர்லாந்தில் லோசான் குழு ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சில் சோலெட்ரோனிக் அமிலத்தை ஏற்றி, கருமுட்டைப்பையை எடுத்து எலும்பு மெலியவைத்த எலிகளிலும் பிடிப்பு கூடுவதைக் காட்டியது. நம் பாட்டிமார்களின் எலும்புக்குக் கொஞ்சமாவது நெருக்கமான சோதனை இது என்பதால் எனக்கு இதன் மேல் மதிப்பு அதிகம்.

எலிக்குச் சரி, மனிதர்களுக்குச் செய்து பார்த்தார்களா?

செய்து பார்த்தார்கள், ஆனால் சின்ன அளவில்.

முழங்கால் மாற்று ஆபரேஷனில், செயற்கை மூட்டை ஒட்டுவதற்கு முன் எலும்பின் மேல்பரப்பில் 1 மில்லிகிராம் இபாண்ட்ரோனேட்டைத் தடவி, மேலே சொன்ன டான்டலம் மணி முறையில் அளந்தார்கள். 50 நோயாளிகள், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்பது அளந்தவர்களுக்கும் தெரியாது. மருந்து தடவியவர்களுக்கு மூட்டு குறைவாக நகர்ந்தது. 2007-இல் வெளிவந்தது இது.

2012-இல் பல் இம்பிளான்ட். 16 பேருக்கு மேல்தாடையில் மருந்து பூசியது ஒன்று, பூசாதது ஒன்று. ஆறு மாதத்தில் பூசியது கூடுதல் உறுதியோடு நின்றது, ஓரத்து எலும்பும் குறைவாகவே கரைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2013-இல் வந்த மூன்றாவது சோதனை. கால் நேராக்கும் ஆபரேஷனில் தோலுக்கு வெளியே சட்டம் கட்டி, அதைத் தாங்க எலும்பில் பின்களைச் செருகுவார்கள், வேலை முடிந்ததும் அவற்றைத் திருகி எடுப்பார்கள். அப்படி எடுக்கும்போது எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று அளந்தால் பிடிப்பு எப்படி இருந்தது என்று நேராகவே தெரிந்துவிடும். முழங்காலுக்குக் கீழே பஞ்சு போன்ற எலும்புள்ள பகுதியில் மருந்து பூசிய பின்கள் ஹைட்ராக்ஸிஅபடைட் பூசியவற்றுக்கு இணையாகப் பிடித்திருந்தன. ஆனால் அதே காலின் கெட்டியான தண்டுப் பகுதியில் மருந்து பூசியதும் ஒன்றுதான், பூசாததும் ஒன்றுதான். மருந்து எங்கே உதவும், எங்கே உதவாது என்று ஒரே காலில் தெரிந்துவிட்டது, எலும்பு மெலிவால் முறிகிற இடங்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சுப் பகுதிகள்தான்.

பூச்சு தவிர வேறு வழி உண்டா? ஏதோ பசை என்கிறார்களே?

உண்டு, இப்போது அதிக எதிர்பார்ப்பு அதன் மேல்தான். கால்சியம் சல்பேட், அதாவது மாவுக்கட்டுக்குப் போடும் அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், எலும்புக் குழியை நிரப்ப 1892-லேயே ஜெர்மனியில் டிரீஸ்மன் பயன்படுத்திய பொருள். உடம்பில் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கரைந்துவிடும். அதோடு ஹைட்ராக்ஸிஅபடைட் துகள்களைக் கலந்தால், சல்பேட் கரைந்த பிறகும் துகள்கள் அங்கே தங்கி, எலும்பு வளரப் படிக்கட்டாக நிற்கும். சல்பேட் 60, ஹைட்ராக்ஸிஅபடைட் 40 சதவீதம் உள்ள செராமென்ட் என்ற பசை லுண்டிலிருந்து வந்தது. சிரிஞ்சில் எடுத்து ஸ்க்ரூ துளைக்குள் செலுத்தலாம், இறுகும்போது அக்ரிலிக் சிமென்ட் அளவுக்குச் சூடாகாது. லுண்ட் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வகைப் பசையைச் சுற்றிச் செலுத்தினால் மெலிந்த எலும்பில் ஸ்க்ரூவின் பிடிப்பு கூடுவதைக் காட்டியிருக்கிறது.

இதில் இன்னொரு அருமையான விஷயம். பசையில் மருந்தைக் கலக்கக்கூடத் தேவையில்லை. ஹைட்ராக்ஸிஅபடைட் துகள் எங்கே இருக்கிறதோ அங்கே பிஸ்பாஸ்போனேட் தேடிப் போய் ஒட்டும் என்று சொன்னேன் அல்லவா, அதையே பயன்படுத்தி, முதலில் துகள்களை வைத்துவிட்டு, பிற்பாடு வழக்கமான ஊசியாக சோலெட்ரோனிக் அமிலத்தைக் கொடுத்தால், அதில் ஒரு பங்கு அந்தத் துகள்களில் போய்ச் சேர்வதை எலிகளில் அதே குழுவினர் காட்டியிருக்கிறார்கள். பசையும் தனித்தனியாக அனுமதி பெற்றது, மருந்தும் அனுமதி பெற்றது. இரண்டையும் கலந்து புதுப் பொருளாக்கினால் ஒழுங்குமுறை அனுமதிக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும், தனித்தனியாகக் கொடுத்தால் அந்த அலைச்சல் குறையும். நடைமுறைக்குச் சீக்கிரம் வரக்கூடியது இந்த வழிதான் என்று நினைக்கிறேன்.

பசையைச் சந்தைக்குக் கொண்டுவந்த போன்சப்போர்ட் நிறுவனத்தைத் தொடங்கிய பேராசிரியர் லார்ஸ் லிட்கிரன், அந்த ஆராய்ச்சிக் குழுவிலும் இருப்பவர். அதை மறைக்காமல் கட்டுரைகளிலேயே சொல்கிறார்கள், ஆனாலும் தொடர்பில்லாத வேறு குழுக்களும் இதே முடிவுக்கு வந்தால்தான் முழு நம்பிக்கை வரும்.

கொஞ்சம் வைத்தால் நல்லது என்றால், நிறைய வைத்தால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. லோசான் எலிச் சோதனைகளில் ஒரு இம்பிளான்ட்டுக்கு 0.2 முதல் 8.5 மைக்ரோகிராம் வரையிலான இடைவெளியில்தான் பலன் தெரிந்தது. அளவு மீறினால் எலும்பு கட்டும் செல்களுக்கும் விஷமாகிவிடும், கரைப்பும் கட்டுமானமும் சேர்ந்தே நின்றுபோகும். எலியின் அளவை அப்படியே பெருக்கி மனிதருக்கு வைக்கவும் முடியாது, ஏனென்றால் எலியின் எலும்பு சின்னது, சீக்கிரம் ஆறுவது. சரியான அளவு எது என்பதில்தான் இன்னும் நிறைய வேலை பாக்கி.

கரைப்பைத் தடுப்பதை விட, எலும்பை வளர்க்கும் மருந்தை அங்கே வைக்கலாமே?

முயன்றிருக்கிறார்கள். பிஎம்பி-2 என்ற எலும்பு வளர்ச்சிப் புரதம் 2002-இல் அமெரிக்காவில் முதுகெலும்பு இணைப்புக்கு அனுமதி பெற்றது. நன்றாக எலும்பு வளர்க்கும், வேண்டாத இடத்திலும் வளர்க்கும். கழுத்துப் பகுதியில் வைத்தபோது ஆபத்தான வீக்கம் வந்ததால் 2008-இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது. அதோடு, இது ஆரம்பத்தில் கரைக்கும் செல்களையும் தூண்டிவிடும். அதனால்தான் கொஞ்சம் பிஎம்பி, கூடவே கொஞ்சம் சோலெட்ரோனிக் அமிலம் என்று ஒரே பசையில் இரண்டையும் வைத்து விலங்குகளில் சோதிக்கிறார்கள், விலை அதிகம் என்பது தனிக் கதை.

டெரிபாரடைட் என்ற தினசரி ஊசி முழு உடம்புக்கான மருந்து, இடத்தில் வைப்பதில்லை. ஆனாலும் இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஜப்பானில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முதுகெலும்பு ஸ்க்ரூ போட்டு ஒப்பிட்ட 2013 ஆய்வில், இந்த ஊசி போட்டவர்களுக்கு ஸ்க்ரூ தளர்ந்தது 7 முதல் 13 சதவீதம், மருந்தில்லாதவர்களுக்கு 15 முதல் 25. ரைசெட்ரோனேட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 13 முதல் 26, அதாவது பெரிய வித்தியாசமில்லை. மாத்திரையாகப் போகும் பிஸ்பாஸ்போனேட் ஸ்க்ரூ இருக்கும் இடத்துக்குப் போதிய அளவில் எட்டவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த மருந்தால் தாடை எலும்பு அழுகும் என்று படித்தேன், பயமாக இருக்கிறது.

2003 முதல் பதிவாகிவரும் பக்கவிளைவு அது. பெரும்பாலும் புற்றுநோய்க்காக அதிக அளவில், அடிக்கடி டிரிப் ஏற்றிக்கொள்பவர்களுக்கு வருகிறது, எலும்புப்புரைக்கான அளவில் அரிது. டிரிப்புக்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முடித்துவிடுவது நல்லது. மைக்ரோகிராம் அளவில் இடத்தில் வைப்பதற்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. மேலே சொன்ன பல் இம்பிளான்ட் சோதனை தாடையிலேயேதான் நடந்தது.

இடத்தில் மருந்து வைக்கும் முறை எதுவுமே இன்னும் நடைமுறைக்கு வரவில்லையா?

கிருமிக்கு எதிராக வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமென்ட் 1970-இலிருந்து இருக்கிறது, ஜென்டாமைசின் பூசிய கால் ராடு ஐரோப்பாவில் கிடைக்கிறது, ஜென்டாமைசின் கலந்த செராமென்டுக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் ஸ்க்ரூவின் பிடிப்பைக் கூட்ட பிஸ்பாஸ்போனேட் வைப்பது எலும்பு முறிவு சிகிச்சையில் இன்னும் வழக்கமாகவில்லை. யாராவது இதை "லேட்டஸ்ட் டெக்னாலஜி" என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் கேட்டால், என்ன பொருள், எந்த அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்படியானால் இப்போது எங்கள் அம்மாவுக்கு என்னதான் செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இந்தப் பதிலைப் படியுங்கள். ஸ்க்ரூ போட்டு, தையல் பிரித்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எலும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வியை யாரும் எடுப்பதில்லை. முறிவைச் சரிசெய்தவர் எலும்பு சர்ஜன், எலும்புப்புரைக்கு மருந்து கொடுக்க வேண்டியது பொது மருத்துவரா, ஹார்மோன் டாக்டரா என்ற குழப்பத்தில் டிஸ்சார்ஜ் சீட்டில் வெறும் கால்சியம் மாத்திரை மட்டும் இருக்கும். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். கையில் நிரூபணமான மருந்து இருக்கும்போது நடப்பது இது.

2007-இல் ஹொரைசன் என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன 2,127 பேரில் ஒரு பாதிக்கு 90 நாளுக்குள் சோலெட்ரோனிக் அமிலம், மறு பாதிக்கு வெறும் டிரிப். மருந்து பெற்றவர்களுக்கு அடுத்தடுத்த முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பே 28 சதவீதம் குறைந்தது. பிற்பாடு அதே தரவை அலசியதில், ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்துக்குள் ஏற்றியவர்களிடம் பலன் தெரியவில்லை, அதற்கப்புறம் ஏற்றியவர்களிடம்தான் தெரிந்தது. புதிதாக ஆறிக்கொண்டிருக்கும் முறிவு இடமே மருந்தை இழுத்துக்கொள்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேளுங்கள்: டெக்ஸா தேவையா, வைட்டமின் டி அளவு என்ன (குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் டிரிப் ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் விழும்), கிரியேட்டினின் எப்படி, எலும்புப்புரை மருந்து எப்போது தொடங்குவது, அதை யார் பார்த்துக்கொள்வது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், புகை பிடிப்பவர் நிறுத்த வேண்டும், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எவ்வளவு பாரம் கொடுத்து நடக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்தவரிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். பயந்து படுக்கையிலேயே வைத்திருந்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

ஏற்கனவே எலும்புப்புரைக்கு மருந்து எடுக்கிறார், ஆபரேஷனுக்காக நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பிஸ்பாஸ்போனேட்டால் முறிவு ஆறுவது பெரிதாகத் தாமதமாவதாக மனிதர்களில் தெரியவில்லை. விதிவிலக்கு ஒன்று: வருடக்கணக்கில் இந்த மருந்து எடுத்தவருக்குத் தொடைத்தண்டின் நடுவில், பெரிய அடி இல்லாமலே முறிந்திருந்தால், அது மருந்தாலேயே வந்திருக்கலாம், அப்போது டாக்டர் நிறுத்தச் சொல்வார். டெனோசுமாப் என்ற எலும்புப்புரை ஊசி போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது எலும்பில் ஒட்டித் தங்காது, ஆறு மாத ஊசியைத் தள்ளிப்போட்டால் அடக்கி வைத்த கரைப்பு மொத்தமாகத் திரும்பி, முதுகெலும்புகள் வரிசையாக முறிந்தவர்கள் உண்டு.

இவ்வளவு கெட்டியாகப் பிடித்தால் பிற்பாடு ஸ்க்ரூவை எடுக்க முடியுமா?

எடுக்க வேண்டிய தேவை வந்தால் சிரமம் கூடலாம், இளைஞர்களுக்கு இந்த முறை அவ்வளவு பொருந்தாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். வயதானவர்களுக்குக் கிருமி பிடித்தாலோ வலி கொடுத்தாலோ தவிர ஸ்க்ரூவை எடுப்பதே இல்லை, உள்ளேயே விட்டுவிடுவார்கள்.